ஐல் ராயல் தீவு: ஏரி, மூஸ், ஓநாய் பாக்கணும்னா எந்தப் பக்கம் இறங்குறது?

ட்ராய்_தஞ்சாவூரான்

மக்களே வணக்கம். நாங்க டெட்ராய்ட் பக்கம். நான், வீட்டுக்காரம்மா, 13 வயசுல ஒரு பொண்ணு. மிச்சிகன்ல இத்தனை வருஷம் குப்பை கொட்டியாச்சு, ஆனா நம்ம ஸ்டேட்டுல இருக்குற ஒரே நேஷனல் பார்க்கு ஐல் ராயலுக்கு மட்டும் இன்னும் போகல. பொண்ணு ஸ்கூல்ல அந்தத் தீவோட ஓநாய் - மூஸ் (மான் ஜாதியிலயே பெரிய மிருகம்) ஆராய்ச்சி பத்தி ஒரு ப்ராஜெக்ட் பண்ணுனா, அதுல இருந்து வீட்ல வேற பேச்சே இல்ல, இந்த சம்மருக்குக் கூட்டிட்டுப் போயே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

மேப்ப விரிச்சா தலை சுத்துது. சுப்பீரியர் ஏரி நடுவுல ஒரு தீவு, அந்தத் தீவுக்குள்ள ஏகப்பட்ட ஏரி, ரோடுங்குறதே கிடையாது, கிழக்குக் கோடியில ராக் ஹார்பர், மேற்குக் கோடியில வின்டிகோ, ரெண்டுக்கும் நடுவுல நாப்பது மைலுக்கு மேல வெறும் காடு. எந்தப் பக்கம் இறங்குனா ஏரியும் மிருகமும் நல்லா பாக்கலாம்? கிரீன்ஸ்டோன் ரிட்ஜ்னு ஒரு பாதை முழுத்தீவையும் தாண்டிப் போகுதாமே, அது குடும்பமா நடக்குற காரியமா இல்ல ஒரு இடத்துல டேரா போட்டு சுத்திப் பாக்குறதே மேலா? கனூ (துடுப்புப் படகு) எடுத்தா எங்க ஓட்டலாம்? ஓநாய் கண்ணுல படுமா, இதுதான் பொண்ணோட கேள்வி. கரடி இருக்கா, இது வீட்டுக்காரம்மா கேள்வி. நாங்க சுத்த சைவம், அங்க கடை ஏதும் உண்டா, இது என் கேள்வி.

ஆகஸ்ட் கடைசி வாரம் லீவு போடலாம்னு இருக்கேன். எல்லோஸ்டோன், ஸ்மோக்கி எல்லாம் போயிருக்கோம், ஆனா அதெல்லாம் கார நிறுத்தி இறங்கிப் பாத்துட்டு மறுபடி கார்ல ஏறுற கேஸ். மூட்டை தூக்கி நடந்த அனுபவம் கம்மி.

ஹௌட்டன்_பழைய_மாணவன்

அண்ணே, நான் ஹௌட்டன்ல படிச்சவன், மிச்சிகன் டெக்ல. அந்த ஓநாய் ஆராய்ச்சிய இப்ப நடத்துறதே அவங்கதான், அதனால அந்த ஊர்ல டீக்கடை பேச்சு ரேஞ்சுக்கு ஓநாய் கணக்குப் பேசுவாங்க. தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஓநாய் மேட்டர முடிச்சிருவோம். பாக்க முடியாதுன்னே நெனச்சுக்கிட்டுப் போங்க. 2024 குளிர்காலக் கணக்குல தீவு முழுக்க 30 ஓநாய், அதுங்களுக்கு மனுஷ வாடை பட்டாலே ஒதுங்கிரும், நிறைய வருஷமா போறவங்களே நேர்ல பாத்ததில்ல. ஆனா அது இருக்குறதுக்கு அடையாளம் நடக்குற பாதையிலயே கிடைக்கும். ஓநாயும் நம்மள மாதிரிதான், முள்ளுக்குள்ள நுழையாம ட்ரெயில்லயே நடக்கும், மழை பேஞ்ச மறுநாள் காலையில சேத்துல உள்ளங்கை அளவுக்கு அடி பதிஞ்சிருக்கும். எச்சமும் ட்ரெயில் நடுவுலயே போட்டு வச்சிருக்கும், குச்சியால கிளறுனா உள்ள மூஸ் முடியும் பீவர் முடியும் இருக்கும். கையால தொட வேணாம், காரணம் தண்ணி பத்திப் பேசுறப்ப யாராவது சொல்வாங்க. தீவுல நாயே கெடையாதுண்ணே, படகுல கூட கூட்டிட்டு வரக்கூடாது, அதனால அங்க பெரிய அடி கண்டா அது ஓநாய் அடிதான், சந்தேகமே இல்ல. பாப்பாகிட்ட ஒரு ஸ்கேல் குடுத்து வுடுங்க, அளந்து போட்டோ எடுக்கட்டும்.

கரடி இல்ல. சாதா மான் இல்ல, ஸ்கங்க் இல்ல, முள்ளம்பன்றி இல்ல, ரக்கூன் இல்ல. நிலத்துல இருந்து பக்கத்துக் கரையே பதினஞ்சு மைல், அது கனடா - மினசோட்டா பக்கம், நம்ம மிச்சிகன் கரைன்னா இன்னும் தூரம். நீந்துனது, பறந்தது, ஐஸ் மேல நடந்து வந்தது, இதுங்க மட்டும்தான் குடியேறிச்சு. எதிர்க் கரையில நாப்பது வகைக்கு மேல பாலூட்டி இருக்குன்னா இங்க அதுல பாதி கூட கிடையாது. மூஸே 1900 வாக்குலதான் வந்துச்சுன்னு சொல்றாங்க, நீந்தி வந்துச்சா இல்ல யாரும் கொண்டாந்து விட்டாங்களான்னு இன்னைக்கும் அடிச்சுக்கிறாங்க. அதுக்கு முன்னால காரிபூங்குற பனிப்பிரதேச மானும் லிங்க்ஸ்ங்குற காட்டுப் பூனையும் இருந்துச்சு, ரெண்டும் இப்ப இல்ல.

இப்ப ஏரிக்கு வருவோம், உங்க கேள்வியில உருப்படியானது அதுதான். மேப்ப இன்னொரு தடவ பாருங்க. எல்லா ஏரியும் ஒல்லியா நீளமா, தென்மேற்குல இருந்து வடகிழக்கா, சீப்புப் பல்லு கணக்கா ஒரே பக்கம் படுத்திருக்கும். தீவே அடுக்கடுக்கான எரிமலைக் குழம்புப் பாறை, நூறு கோடி வருஷத்துக்கு மேல பழசு, அது அப்படியே சாஞ்சு நிக்குது. கெட்டியான அடுக்கு ரிட்ஜா, அதாவது நீளமான மேடா நின்னுச்சு, மெத்துனு இருந்த அடுக்க பனிப்பாறை வந்து சொரண்டிட்டுப் போச்சு, சொரண்டுன பள்ளத்துல தண்ணி நின்னுச்சு. இது ஏன் முக்கியம்னா, தீவோட நீளவாக்குல நடந்தா சுலபம், குறுக்கால நடந்தா ஒவ்வொரு ரிட்ஜா ஏறி எறங்கி முட்டி போயிரும். கிரீன்ஸ்டோன் ரிட்ஜ் 40 மைல், முதுகு மேலயே போகும், காட்சி அருமை, ஆனா மிருகம் அங்க இல்ல, மிருகமெல்லாம் கீழ ஏரியிலயும் சதுப்புலயும் இருக்கு. குடும்பத்தோட போயி நாப்பது மைல் முடிச்சேன்னு டீ ஷர்ட் வாங்குறதவிட ஒரு ஏரிக்கரையில காலையிலயும் சாயங்காலமும் சும்மா உக்காந்தீங்கன்னா பத்து மடங்கு பாப்பீங்க. இதுல நான் அடிச்சு சொல்வேன்.

என் ஓட்டு வின்டிகோவுக்கு. படகுத்துறையில இருந்து கூப்பிடு தூரத்துல வாஷிங்டன் கிரீக் கேம்ப், பொடிநடையா போயிரலாம், மூணு பக்கம் பலகை அடிச்சு முன்னால கொசுவலை போட்ட ஷெல்டர் இருக்கும், கூடாரமே வேணாம். ஷெல்டர் பின்னாலயே ஓடை, அந்த ஓடைக்கு மூஸ் வரும். ராத்திரி தண்ணிக்குள்ள ஏதோ பெருசா நடக்குற சத்தம், அப்பறம் சளக் சளக்னு மெல்லுற சத்தம், டார்ச் அடிக்காம இருட்டுலயே கேட்டுக்கிட்டு இருங்க. கால்ல பலம் இருந்தா மறுநாள் ஃபெல்ட்மன் லேக்குக்கு நடங்க, ஒன்பது மைல் கிட்ட வரும், மூட்டையோட முழு நாள் வேலை. அங்க ரெண்டு ராத்திரி. ஏரியில மூஸ், அந்தப் பக்கம் முக்கால் மைல் நடந்தா ரெயின்போ கோவ், சுப்பீரியர் மேல சூரியன் விழுறது தெரியும்.

மூஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. கோடையில அது தண்ணிக்குள்ள எறங்குறது குளிக்க மட்டும் இல்ல, உப்புக்கு. காட்டு இலையில சோடியம் கம்மி, தண்ணிச் செடியில ஜாஸ்தி. தலைய முழுசா உள்ள வுட்டுரும், முதுகு மேடு மட்டும் பாறை கணக்கா தெரியும், நிமிஷம் கழிச்சு தலைய தூக்கும் பாருங்க, கொம்புல இருந்து தண்ணி ஊத்தும், வாயில அல்லித்தண்டு தொங்கும், காது ரெண்டும் தனித்தனியா திரும்பித் திரும்பி சத்தம் தேடும். ஆண் மூஸ் ஒண்ணு 450 கிலோ வரும். காதைப் பின்னால மடிச்சு பிடரி மயிர நட்டுக்கிச்சுன்னா வெரட்டப் போகுதுன்னு அர்த்தம், கரடிக்கு சொல்ற மாதிரி அசையாம நிக்காதீங்க, ஓடி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால போயிருங்க. செப்டம்பர் பாதிக்கு மேல அதுக்கு ஜோடி தேடுற சீசன், அப்ப ஆண் மூஸுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். ஆகஸ்ட் கடைசி பரவால்ல, கொசுவும் அதுக்குள்ள அடங்கிரும்.

துடுப்பு_தூக்கி

மேல சொன்னவர் நடக்குற கட்சி, நான் கனூ கட்சி. அவர் எழுதுனது எல்லாம் சரி, வின்டிகோவுக்கு ஓட்டுப் போட்டது மட்டும் எனக்கு ஒப்பல.

உள்ளூர் ஏரிகள்னு பாத்தா கிழக்குப் பாதிதான். மோஸ்கி பேசின்ல ஆரம்பிச்சு கனூவைத் தோள்ல தூக்கிட்டு ரெண்டு மைல் நடந்தா லேக் ரிச்சி. அங்க இருந்து லேக் லெசாஜ், லிவர்மோர், சிக்கன்போன், கடைசியில வடகரையில மெக்கார்கோ கோவ். இது ஒரு சங்கிலி. ரிச்சியில இருந்து தெற்கால திரும்புனா இன்டர்மீடியட் லேக், அதைத் தாண்டி சிஸ்கிவிட் லேக், தீவுலயே பெரிய ஏரி, ஏழு மைல் நீளம். ஒவ்வொரு ஏரிக்கும் நடுவுல கனூவைத் தலைகீழா தோள்ல கவுத்துகிட்டு நடக்கணும், காட்டுக்குள்ள சக்கரம் வச்ச தள்ளுவண்டிக்கு அனுமதி கிடையாது. முதுகு வலிக்கும். ஆனா போயி எறங்குன ஏரியில உங்களத் தவிர ஈ காக்கா இருக்காது.

சிஸ்கிவிட்டுக்கு சுலபமான வழி ஒண்ணு இருக்கு, பலபேருக்குத் தெரியாது. மினசோட்டா கிராண்ட் போர்ட்டேஜ்ல இருந்து கிளம்புற வாயேஜர் டூ கப்பல் தீவைச் சுத்தி வரும், போற வழியில மலோன் பேல நிக்கும். அங்க எறங்குனா கால் மைலுக்குக் கொஞ்சம் மேல தூக்கினா சிஸ்கிவிட் ஏரி. மலோன் பேல ஷெல்டர் இருக்கு. பொண்ணு ஆசைப்பட்டா ரயன் ஐலண்டைப் பாக்கலாம், அது சிஸ்கிவிட் ஏரிக்குள்ள இருக்குற தீவு. பரப்பளவுல உலகத்துலயே பெரிய நன்னீர் ஏரி சுப்பீரியர், அதுல பெரிய தீவு ஐல் ராயல், அதுல பெரிய ஏரி சிஸ்கிவிட், அதுல பெரிய தீவு ரயன். இதோட நிறுத்திக்கோங்க. ரயன் தீவுல ஒரு குட்டை, குட்டைக்குள்ள மூஸ் போல்டர்னு ஒரு பாறை, அதுவும் மழைக்காலத்துல தீவாயிடும்னு இன்டர்நெட் பூரா எழுதி வச்சிருப்பான். தேடிப் போனவங்க 2020 வாக்குல நேர்ல பாத்து அப்படி ஒரு பாறையே இல்லைன்னு எழுதிட்டாங்க. எவனோ விக்கிபீடியாவுல வெளையாடியிருக்கான், ஊரே அதை நம்பிக் காப்பி அடிச்சிருக்கு. எனக்கு அந்தக் கதைதான் தீவவிடப் புடிக்கும், அது வேற விஷயம்.

மீன் புடிக்கிற ஆளா இருந்தா, சுப்பீரியர் தண்ணியில தூண்டில் போட மிச்சிகன் லைசென்ஸ் வேணும், உள்ளூர் ஏரிக்கு வேணாம். ஆனா உள்ள போடுற தூண்டில் முள்ளுல பின்கொக்கி இருக்கக்கூடாது, புழு, உசுரு மீன் எதையும் மாட்டக்கூடாது, செயற்கை இரைதான். சைவம்னு சொல்லிட்டீங்க, இருந்தாலும் இந்த இழையை வேற யாராவது படிப்பாங்கல்ல.

லூன் பறவை. இதுக்காகவே கனூ எடுக்கலாம். கண்ணு ரத்தச் சிவப்பு, முதுகுல கருப்பு வெள்ளைக் கட்டம், காலு ரொம்பப் பின்னால வச்சுப் படைச்சிருக்கான், அதனால நிலத்துல நடக்க வராது, பறக்கணும்னா தண்ணி மேல தபதபன்னு நீளத்துக்கு ஓடி ஓடித்தான் எழும்பும். நீளமா அழுற குரல் ஒண்ணு, பயந்தா நடுங்கிச் சிரிக்கிற குரல் ஒண்ணு, இடம் புடிக்கிறதுக்கு ஆண் மட்டும் போடுற கூச்சல் ஒண்ணு. நடுராத்திரி ரெண்டு ஏரியில இருந்து மாத்தி மாத்திக் கூப்புடும். ஆகஸ்ட்ல குஞ்சு பாதி வளந்திருக்கும், அம்மா முதுகுல ஏறுற வயசு தாண்டியிருக்கும். நடுங்குற குரல் கேட்டுச்சுன்னா நீங்க கிட்டப் போயிட்டீங்கன்னு அர்த்தம், துடுப்பைத் திருப்பிடுங்க.

ஒரு எச்சரிக்கை. புதுசா ஓட்டுறவங்க சுப்பீரியர் திறந்த கரையில கனூ விடவே கூடாது. ஆகஸ்ட்லயும் தண்ணி ஐஸ், காத்து மாறுனா அரை மணி நேரத்துல அலை எழும்பிரும். உங்க ரேஞ்சுக்கு ராக் ஹார்பர்ல எறங்குங்க, டோபின் ஹார்பர்ல கனூ வாடகைக்குக் கிடைக்கும், அது மறைவான நீளமான கால்வாய், காலையில போய் எதிர்க்கரையில ஹிடன் லேக் துறையில கட்டிட்டு நடங்க. ஹிடன் லேக் கரையில மூஸ் மண்ணு நக்க வரும், உப்பு மண்ணு. அப்படியே மேல ஏறுனா லுக்கவுட் லூயிஸ், கனடா தெரியும். பாதி நாள் வேலை, மூட்டை தூக்க வேணாம்.

சொந்தப் படகு கொண்டு போறதா இருந்தா கழுவிக் காய வச்சு எடுத்துட்டுப் போங்க. சீப்ரா சிப்பி உள்ளூர் ஏரிக்குள்ள போயிடக்கூடாதுன்னு பார்க்குக்காரங்க கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாக்குறாங்க, நியாயம்தான், ஒரு தடவ பூந்துச்சுன்னா அப்பறம் எடுக்கவே முடியாது.

செயின்ட்பால்_சித்தப்பு

நம்ம ரெண்டு வரி. எங்கூர்ப் பக்கம் கிராண்ட் போர்ட்டேஜ்ல ஏறுனா வின்டிகோவுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய் எறங்கிடலாமுங்க. உங்கூர் காப்பர் ஹார்பர்ல இருந்து ராக் ஹார்பருக்கு மூணு மூன்றரை மணி நேரம், ஹௌட்டன்ல இருந்து போற பெரிய கப்பல் ரேஞ்சர் த்ரீ ஆறு மணி நேரம். டெட்ராய்ட்ல இருந்து எங்க பக்கம் சுத்தி வர்றது தேவையில்லாத வேலை, காப்பர் ஹார்பருக்கே பத்து மணி நேரம் கார் ஓட்டணும். முத நாளே போய்த் தங்கிடுங்க. நேர வித்தியாசமும் ஒண்ணு இருக்குது, தீவு முழுக்க கிழக்கத்தி நேரம், மினசோட்டா ஒரு மணி நேரம் பின்னால. திரும்பி வர்ற கப்பல் எந்த நேரக் கணக்குல போட்டிருக்குதுன்னு டிக்கெட்டப் பாத்துக்குங்க.

காத்து அடிச்சா கப்பல் வராதுங்க, கேக்கவே வேண்டாம். கடைசி நாளுக்கு மறுநாள் ஆபீஸ் மீட்டிங் எதுவும் வச்சுக்காதீங்க, ஒரு நாள் சோத்துக்கு எக்ஸ்ட்ரா வச்சுக்குங்க. தீவுல செல்போன் சிக்னல் சுத்தமா இல்ல.

ரக்சாக்_ரசம்

அந்த சைவக் கேள்விக்கு நான் வரேன், ஆம்பளைங்க யாரும் அதைத் தொடவே இல்ல பாருங்க 😄

ராக் ஹார்பர்லயும் வின்டிகோலயும் சின்னக் கடை இருக்கு. நூடுல்ஸ், சாக்லேட், அடுப்பு கேஸ் கிடைக்கும், அதை நம்பி சமையல் ப்ளான் போட முடியாது. ராக் ஹார்பர்ல லாட்ஜும் அதோட சாப்பாட்டுக் கடையும் இருக்கு, முதல் நாள் கடைசி நாள் அங்க சமாளிக்கலாம். நடுவுல நம்ம சரக்குதான். வறுத்த ரவையில கடுகு, உளுந்து, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளிச்சு ஆற வச்சு ஜிப்லாக்ல போட்டுக்கோங்க, கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி வச்சா உப்புமா. கெட்டி அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்ன பாட்டில்ல நெய். பால் பவுடரும் இன்ஸ்டன்ட் காபியும். பாத்திரம் ஒண்ணு போதும். முக்கால்வாசி கேம்ப்ல விறகு எரிக்க விட மாட்டாங்க, ஸ்டவ் கட்டாயம். குப்பை ஒரு துண்டு விடாம திரும்ப எடுத்துட்டு வரணும்.

தண்ணிதான் ரொம்ப முக்கியம். ஏரித் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், அப்படியே குடிக்காதீங்க. ஓநாய் எச்சத்துல ஹைடாடிட்னு ஒரு நாடாப்புழுவோட முட்டை வரும், அது தண்ணியில கலந்து மூஸ் வயித்துக்குப் போயி நுரையீரல்ல கட்டியா வளரும், அந்த மூஸை ஓநாய் தின்னா மறுபடி ஓநாய்க்கு, இப்படியே சுத்தும். நடுவுல நாம குடிச்சா நமக்கும் கட்டி வரும். க்ளோரின் மாத்திரை இந்த முட்டைக்குப் பத்தாது. ஒண்ணு நல்லா கொதிக்க வைக்கணும் இல்ல 0.4 மைக்ரான் ஃபில்டர் வேணும். ரெண்டாவது, வெயில் காலக் கடைசியில உள்ளூர் ஏரிங்கள்ல பாசி பூக்கும், நீலப்பச்சையா பெயின்ட் கொட்டின மாதிரி, ரிச்சி, சிக்கன்போன் பக்கம் எல்லாம் பார்க்குக்காரங்க போர்டு வச்சிருப்பாங்க. அந்த விஷத்தை ஃபில்டரும் எடுக்காது, கொதிக்க வச்சாலும் போகாது. அந்த மாதிரி ஏரியைக் கண்டா அடுத்த ஏரி வரைக்கும் தாங்குற அளவுக்குத் தண்ணி கையில இருக்கணும். சுப்பீரியர் கரையில தங்கினா இந்தத் தலைவலி குறைவு, அதனால குழந்தையோட போறவங்களுக்கு நான் மோஸ்கி பேசின் சொல்வேன். ஷெல்டர் முன்னால பாறை சரிஞ்சு நேரா தண்ணிக்குள்ள இறங்கும், காலையில அங்க உட்கார்ந்துட்டே லூனும் பாக்கலாம், சில நாள் மூஸ் குறுக்க நீந்தும். ராக் ஹார்பர்ல இருந்து 11 மைல், நடுவுல டெய்சி ஃபார்ம்ல ஒரு ராத்திரி தங்கிப் போகலாம்.

அப்புறம் நரி! யாருமே சொல்லல. தீவுல செந்நரிங்க கேம்பைச் சுத்தியே இருக்கும், செருப்பு திருடும். நிஜமா. வேர்த்த ஷூ உப்பா இருக்குமோ என்னவோ, ராத்திரி வெளிய விட்டா காலையில ஒத்தை ஷூதான் இருக்கும். என் கண்ணு முன்னாடி பக்கத்து ஷெல்டர்காரர் சாண்டலைக் கவ்விட்டு ஒண்ணு ஓடி, பத்தடி தள்ளி நின்னு திரும்பிப் பாத்துட்டு மறுபடி ஓடிச்சு. ஷூவை ஷெல்டருக்குள்ள வைங்க. சோறு போடாதீங்க, எவ்வளவு அழகா மூஞ்சியை வச்சுட்டு வந்தாலும் போடாதீங்க.

உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, விஷப் பாம்பும் கிடையாது. கார்ட்டர் பாம்பு, சிவப்பு வயிறு பாம்பு, ரெண்டும் சாது.

ட்ராய்_தஞ்சாவூரான்

அப்பப்பா, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. உக்காந்து மொத்தக் குடும்பமும் படிச்சோம். வீட்டுக்காரம்மா கரடி இல்லைன்னதும் ஓகே சொல்லிட்டா, அப்பறம் நாடாப்புழுவப் படிச்சுட்டு மறுபடி யோசிக்கிறா.

பொண்ணுக்கு ஒரு சந்தேகம், அவளுக்கு பதில் சொல்ல எனக்குத் தெரியல. ஓநாய் அங்க அழிஞ்சு போற நிலைமைக்கு வந்துச்சு, அப்பறம் வெளியில இருந்து புடிச்சுட்டு வந்து விட்டாங்கன்னு அவ ப்ராஜெக்ட்ல இருக்கு. காட்டை அது போக்குல விடணும்னுதான பார்க்கு வைக்கிறாங்க, அப்பறம் ஏன் கை வச்சாங்கன்னு கேக்குறா.

ஹௌட்டன்_பழைய_மாணவன்

பாப்பா கேட்டதுக்கு ஊர்ல பெரிய சண்டையே நடந்துச்சுண்ணே. கதை இப்படி. 1940கள் கடைசியில ஒரு குளிர்காலத்துல ஐஸ் மேல நடந்து ஓநாய் வந்துச்சு. 1958ல பர்டூ யுனிவர்சிட்டி டர்வர்ட் ஆலன் எண்ண ஆரம்பிச்சாரு, அந்தக் கணக்கு அப்பறம் ரால்ஃப் பீட்டர்சன் கையில, இன்னைக்கு வரைக்கும் ஓடுது, ஒரே இடத்துல வேட்டையாடுறதையும் இரையையும் சேத்து இவ்வளவு காலம் கவனிச்சது உலகத்துலயே வேற இல்ல. 1980ல 50 ஓநாய் இருந்துச்சு. ரெண்டே வருஷத்துல 14. நாய்ங்களுக்கு வர்ற பார்வோ வைரஸ் தீவுக்குள்ள வந்துருச்சு. நாயை விடக்கூடாதுன்னு அவ்வளவு கண்டிப்பா இருக்குறது இதனாலதான்.

அப்பறம் சொந்தத்துக்குள்ளயே ஜோடி சேந்து சேந்து குட்டிங்க முதுகெலும்பு கோணலா பொறக்க ஆரம்பிச்சுச்சு. 1997ல கனடா பக்கத்துல இருந்து ஐஸ் மேல ஒத்தை ஆண் ஓநாய் வந்துச்சு, வயசானப்பறம் அதோட மயிரு வெளுத்ததால ஓல்ட் கிரே கைனு பேரு வச்சாங்க, அது ஒண்ணு வந்ததுல கொஞ்ச வருஷம் கூட்டமே தெம்பாச்சு. ஆனா அதோட வாரிசே நெறஞ்சு போயி மறுபடி அதே பிரச்சனை. 2018ல மிச்சம் ரெண்டே ரெண்டு, அதுவும் அப்பனும் மகளும், அதே நேரம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. மூஸ் ரெண்டாயிரத்தைத் தாண்டிருச்சு, பால்சம் ஃபர்ங்குற ஊசியிலை மரத்தோட கன்னு எதையும் தலை தூக்க விடல, எல்லாத்தையும் மேஞ்சுருச்சு. 2018 - 19ல மினசோட்டா, ஒன்டாரியோ, மிச்சிகன் மேல்தீபகற்பம், இங்கல்லாம் புடிச்சு 19 ஓநாய் கொண்டாந்து விட்டாங்க. 2024ல 30 ஓநாய், 840 மூஸ்.

ஏன் கை வச்சாங்கன்னா, முன்னெல்லாம் ஐஸ் பாலம் அடிக்கடி போடும், புது ரத்தம் தானா நடந்து வரும். இப்ப சுப்பீரியர் உறையுறதே அபூர்வமாகிருச்சு. வாசலைச் சாத்துனது நாமதான், அதனால தெறந்து விடுறதும் நம்ம வேலைங்குறது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி.

செயின்ட்பால்_சித்தப்பு

நான் எதிர்க்கட்சிங்க. 1976ல தீவோட 99 சதவீத நிலத்தை வில்டர்னெஸ், அதாவது அது போக்குல விட வேண்டிய காடுன்னு சட்டம் போட்டு எழுதி வச்சுட்டு, பிடிக்காத மாதிரி ஒண்ணு நடந்ததும் ஹெலிகாப்டர்ல ஓநாயைக் கொண்டு போய் எறக்குனா அது என்ன வில்டர்னெஸ்? காரிபூ போச்சு, லிங்க்ஸ் போச்சு, அதையெல்லாம் யாரும் கொண்டாரல. ஓநாய் போஸ்டர்ல நல்லா இருக்குது, அதனால அதுக்கு மட்டும் டிக்கெட். கொண்டு போய் விட்டதுல ஒண்ணு 2019 ஜனவரி கடைசியில ஐஸ் போட்டதும் எங்க பக்கத்துக்கே நடந்து வந்துருச்சுங்க. அதுகிட்ட யாராவது கருத்துக் கேட்டாங்களா 😀

ஹௌட்டன்_பழைய_மாணவன்

சித்தப்பு, அந்த ஒண்ணு போனா மத்ததெல்லாம் குடும்பம் நடத்தி குட்டி போட்டிருக்கே, அதையும் சேத்து சொல்லுங்க. லிங்க்ஸ் பத்தி நீங்க கேக்குறது நியாயமான கேள்வி, ஒத்துக்குறேன். பாப்பாவ ரெண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்கண்ணே, அந்த ப்ராஜெக்ட்டுக்கு அதுதான் அழகு.

இன்னொண்ணு. பாதையோரம் மூஸ் எலும்பு, தாடை, கொம்பு எல்லாம் கெடக்கும். எடுத்துட்டு வரக்கூடாது, போட்டோ எடுத்து இடம் குறிச்சு ரேஞ்சர்கிட்ட சொன்னா ஆராய்ச்சிக்காரங்களுக்குப் போய்ச் சேரும். பல்லைக் குறுக்கால அறுத்து வளையம் எண்ணி வயசு சொல்லிருவாங்க. மூட்டுவாதம் வந்த மூஸ் எத்தனைன்னு கூட இந்த எலும்புக் குவியல்ல இருந்துதான் கண்டுபுடிச்சாங்க.

ட்ராய்_தஞ்சாவூரான்

முடிவு பண்ணியாச்சு. துடுப்பு சார் சொன்ன மாதிரி காப்பர் ஹார்பர் - ராக் ஹார்பர். முத ராத்திரி டெய்சி ஃபார்ம், அப்பறம் மோஸ்கி பேசின்ல டேரா, அங்க இருந்து மூட்டை இல்லாம லேக் ரிச்சி வரைக்கும் ஒரு நாள் போய்ட்டு வர்றது. திரும்பி வந்து கடைசி நாள் டோபின் ஹார்பர்ல கனூ, ஹிடன் லேக். கப்பல் டிக்கெட் போட்டுட்டேன். கேம்ப்புக்கு ரிசர்வேஷன் எதுவும் பண்ணணுமா? ஷெல்டர் கிடைக்கலன்னா?

ரக்சாக்_ரசம்

ஆறு பேர் வரைக்கும் ரிசர்வேஷனே கிடையாது, முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல. ஆகஸ்ட்ல கப்பல் வந்த அன்னைக்கு டெய்சி ஃபார்ம் நிரம்பும், அதனால சின்ன டென்ட் ஒண்ணு கட்டாயம் எடுத்துக்கோங்க. இடம் இல்லன்னா இருக்குறவங்ககிட்ட கேட்டு ஷேர் பண்ணிக்கிறது அங்க சகஜம்தான். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 டாலர், 15 வயசு வரைக்கும் இல்ல, வருஷப் பாஸ் இருந்தா அதுவே போதும்.

மோஸ்கில இருந்து ரிச்சி போறப்ப காலையில சீக்கிரம் கிளம்புங்க. ஒன்பது மணிக்கு மேல மூஸ் நிழலுக்குப் போயிடும். பாசி போர்டு இருக்கான்னு டெய்சி ஃபார்ம்ல ரேஞ்சரைப் பாத்தா கேட்டுக்கோங்க, இருந்தா அந்த நாளுக்கான தண்ணி மொத்தமும் மோஸ்கியிலயே நிரப்பிட்டுப் போகணும், ஆளுக்கு மூணு லிட்டர்.

ட்ராய்_தஞ்சாவூரான்

சூப்பர்ங்க. ஃபில்டர் ஆர்டர் போட்டாச்சு, பொண்ணு ஸ்கேல் எடுத்து பைக்குள்ள வச்சுட்டா. உப்புமா மிக்ஸுக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு ரவை கணக்கு?

ரக்சாக்_ரசம்

நடக்குற நாளுக்கு ஆளுக்கு முக்கால் கப், தண்ணி அதுக்கு ரெண்டு மடங்கு. உப்பை மிக்ஸ்லயே போட்டுடுங்க.